கர்சரின் நுனி எங்கே இருக்கிறது?

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தில் நிரல் எழுதுகிறேன். பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் உள்ள கடற்புல் பரப்புகளைச் செயற்கைக்கோள் படத்தின் மீது மவுஸால் கோடிட்டுக் குறிப்பதற்கான நிரல் ஒன்றைச் சில காலம் முன்பு உருவாக்கினோம். வரைந்த எல்லையைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, சரிபார்ப்பதற்காக நாட்டுப்படகில் வடகடலுக்குள், அதாவது பாக் விரிகுடாவுக்குள், சென்றோம். படகோட்டி அண்ணன் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க போட்ட கோட்டுல தாழையே இல்ல, வெறும் மணலு" என்றார். கடற்புல்லைத்தான் அவர் தாழை என்கிறார். ஜிபிஎஸ் மீது சந்தேகப்பட்டோம். படத்தைப் புவி ஆயங்களோடு பொருத்திய விதத்தின் மீது சந்தேகப்பட்டோம். கடைசியில் அகப்பட்ட குற்றவாளி, நான் வரைந்த 48 பிக்சல் அகலமுள்ள ஒரு கர்சர் படம்.

கர்சர் என்பது திரையில் நகரும் படம் மட்டுமன்று. அந்தப் படத்துக்குள் ஒரே ஒரு பிக்சல்தான் உண்மையான கர்சர். அதை ஹாட்ஸ்பாட் என்கிறோம். வலை பின்னும் ஊசி எவ்வளவு நீளமாக இருந்தாலும் கண்ணிக்குள் முதலில் நுழைவது அதன் நுனியே என்பதைப் போல, பயனர் சொடுக்கும்போது நிரலுக்குக் கிடைப்பது அந்த ஒரு பிக்சலின் ஆயங்கள் மட்டுமே. அம்புக்குறிக்கு அது இடது மேல் முனையில் இருக்கும். குறுக்குக் கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். எங்கே இருக்கிறது என்பதைக் கணினி படத்தைப் பார்த்து ஊகிப்பதில்லை; நாம்தான் இரண்டு எண்களாகச் சொல்கிறோம்.

முதலில் எங்கள் கர்சர் 32 பிக்சல் சதுரத்தில் வரைந்த, வளையத்துக்குள் குறுக்குக் கோடு கொண்ட படமாக இருந்தது; ஹாட்ஸ்பாட் 15, 15 (இடது மேல் மூலையை 0, 0 என்று வைத்து எண்ணினால்). வரைபடப் பணி செய்த ஒருவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னதால் படத்தை 48 பிக்சலாகப் பெரிதாக்கினேன். நடுப்புள்ளி 23, 23க்கு நகர்ந்துவிட்டது. நிரலில் இருந்த 15, 15 அப்படியே தங்கிவிட்டது. லினக்ஸில் திரையைக் கையாளும் எக்ஸ் விண்டோவோ விண்டோஸோ இதற்குப் பிழைச் செய்தி எதுவும் தராது. கொடுத்த புள்ளி படத்தின் எல்லைக்கு வெளியே போனால் எக்ஸ் சேவையகம் மறுக்கும், உள்ளே இருக்கும்வரை அது தவறான புள்ளி என்று அதற்கு எப்படித் தெரியும்?

நாங்கள் பயன்படுத்திய சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டரைக் குறிக்கும். படத்தை அதன் இயல்பான அளவில் வைத்து வரைந்தால், 8 பிக்சல் விலகல் என்பது வடக்கே 80 மீட்டர், மேற்கே 80 மீட்டர். மூலைவாட்டில் ஏறத்தாழ 113 மீட்டர். மண்டபத்துக்கு வடக்கே கடல் இருப்பதால் அங்கே எங்கள் கோடு ஆழத்தை நோக்கி நகர்ந்தது. தென்கடலில் அதே பிழை கோட்டைக் கரையை நோக்கித் தள்ளியது. வரைந்தவர்களுக்கு இது ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். பதிவான புள்ளி அந்தப் பெரிய வளையத்துக்கு உள்ளேயே விழுந்தது. சற்று மேலே தெரிகிறதே என்று ஒருவர் சொன்னதாகவும், அது அப்படித்தான் என்று நானே பதில் சொன்னதாகவும் பிறகு நினைவுக்கு வந்தது.

இதைவிடக் கசப்பானது ஒன்று உண்டு. வரைபவர்கள் செயற்கைக்கோள் படத்தை அடிக்கடி பெரிதாக்கியும் சிறிதாக்கியும் வேலை செய்தார்கள். நான்கு மடங்கு பெரிதாக்கியிருந்தால் பிழை வடக்கே 20 மீட்டர்தான். பாதியாகச் சுருக்கியிருந்தால் 160 மீட்டர். எந்தப் புள்ளி எந்த அளவில் வைக்கப்பட்டது என்பதை நாங்கள் சேமிக்கவில்லை. ஆகவே எல்லாக் கோடுகளையும் ஒரே தூரம் நகர்த்திச் சரிசெய்யும் வழியும் அடைபட்டது. முழுவதையும் மறுபடி வரைந்தோம்.

ஹாட்ஸ்பாட்டை நிரலில் தனி எண்ணாக எழுதுவதை நான் இப்போது தவிர்க்கிறேன். விண்டோஸின் கர்சர் கோப்பு ஐகான் கோப்பின் அமைப்பையே கொண்டது. வகை எண் 1க்குப் பதிலாக 2 என்று இருக்கும், ஹாட்ஸ்பாட் கோப்புக்குள்ளேயே பதிவாகும். லினக்ஸில் எக்ஸ்கர்சர் கோப்பும் அப்படியே. அதை உருவாக்கும் எக்ஸ்கர்சர்ஜென் கருவிக்குக் கொடுக்கும் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் அளவு, ஹாட்ஸ்பாட்டின் இரண்டு ஆயங்கள், படத்தின் பெயர் என வரிசையாக எழுதுவோம். 32க்கு ஒரு வரி, 48க்கு ஒரு வரி. படத்தை மாற்ற வருபவரின் கண்ணில் அந்த எண்கள் பட்டே தீரும். இன்னொன்று: 32 போன்ற இரட்டைப்படை அகலத்தில் நட்டநடுப் பிக்சல் என்று ஒன்று இல்லை. எனவே 15ஆம் பிக்சலில் ஒற்றைக் கோடு வரைந்து, கடைசி வரிசையை வெறுமையாக விட்டுவிடுகிறேன்.

ஒரே படத்தை இரண்டு தளங்களுக்கும் கொண்டுபோகிறவர்கள் பிட் வரிசையையும் கவனிக்க வேண்டும். எக்ஸின் கறுப்பு வெள்ளைப் பட வடிவான எக்ஸ்பிஎம்மில் (XBM) ஒரு பைட்டின் மதிப்பு 1 என்றால், எட்டுப் பிக்சல்களில் இடது ஓரத்தில் உள்ளது ஒளிரும். விண்டோஸில் கர்சரை உருவாக்கும் கிரியேட்கர்சர் செயற்கூறுக்கு அதே பைட்டைக் கொடுத்தால் வலது ஓரத்தில் உள்ளது ஒளிரும். கர்சரின் எந்தப் பிக்சல் தெரிய வேண்டும் என்று சொல்லும் மறைப்புப் படமும் தலைகீழ்: எக்ஸில் 1 என்றால் அந்த இடத்தில் கர்சர் தெரியும், விண்டோஸின் ஆண்ட் மறைப்பில் 1 என்றால் பின்னால் உள்ள திரை தெரியும். மேற்கே பார்க்க வேண்டிய அம்பு எட்டு எட்டுத் துண்டுகளாகக் கிழக்கே பார்த்தால் காரணம் இதுதான்.

நிறத்தில் நான் பிடிவாதக்காரன். கடற்புல் செயற்கைக்கோள் படத்தில் கருமையாகத் தெரியும், அதன் மேல் கறுப்புக் கர்சர் காணாமல் போகும். மணலிலும் அலை நுரையிலும் வெள்ளைக் கர்சர் காணாமல் போகும். பின்னணி நிறத்தைத் தலைகீழாக்கும் முறை புத்திசாலித்தனமாகத் தோன்றினாலும், நடுச் சாம்பல் நிறத்தின் தலைகீழும் நடுச் சாம்பலே என்பதால் கலங்கல் நீரின் மேல் அதுவும் கரைந்துவிடும். கறுப்புக் கோட்டுக்கு வெள்ளை விளிம்பு கட்டுவதே எங்கும் தெரியும் வழி.

மவுஸ் நகரும்போதெல்லாம் புதிய கர்சரை உருவாக்கி, பழையதை விடுவிக்காமல் விடும் நிரல்களையும் பார்த்திருக்கிறேன். விண்டோஸில் ஒரு செயல்முறைக்கு இயல்பாக சாளரம், கர்சர் போன்ற பயனர் பொருள்கள் 10,000 மட்டுமே அனுமதி, அது மதிய உணவுக்குள் தீர்ந்துவிடும். கர்சர் துடிதுடித்தால், சாளரத்தின் பொதுப் பண்புகளைப் பதியும் சாளர வகுப்புக்கும் ஒரு கர்சர் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மவுஸ் அசையும்போதெல்லாம் விண்டோஸ் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும்.

சொந்தக் கர்சர் தேவைதானா என்பதையும் முதலில் யோசிக்கலாம். இரண்டு தளங்களிலும் ஆயத்தக் குறுக்குக் கோடு இருக்கிறது. பார்வை மங்கியவர் கர்சரின் அளவையும் நிறத்தையும் கணினி அமைப்பில் மாற்றி வைத்திருப்பார். நாம் வரைந்து திணிக்கும் படம் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தாது. வரைபடப் பணி செய்த அந்த நண்பருக்குக் கர்சர் படத்தைப் பெரிதாக்கியதற்குப் பதில் ஆயத்தக் கர்சரைக் கொடுத்து, அமைப்பில் அளவைக் கூட்டச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இப்போது நிரல் தொடங்கும்போது ஒரு சோதனைத் திரை வருகிறது. ஒற்றைப் பிக்சல் புள்ளிகள் ஐந்தைப் பயனர் சொடுக்க வேண்டும். இரண்டு பிக்சலுக்கு மேல் விலகினால் வரைய விடாது. ஒவ்வொரு புள்ளியோடும் உருப்பெருக்க அளவும் கர்சர் அளவும் சேமிக்கப்படுகின்றன. மறுபடி வரைந்த கோடுகளில் வடகடல் பகுதியை அதே அண்ணனின் படகில் போய்ப் பார்த்துவிட்டோம். தென்கடல் பகுதிக்குக் கச்சான் காற்று தணிய வேண்டும்.