நிற்கும்போது சக்கரம் தரையைத் தொடக் கூடாது

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், பாம்பன் பக்கத்துச் சின்னத் தச்சுப் பட்டறைகளில் உள்ளே இருபதடி நீளம் இருந்தாலே பெரிய விஷயம். பத்தடிப் பலகையை இழைப்பு மெஷினில் விட, முன்னால் பத்தடியும் பின்னால் பத்தடியும் காலியாக இருக்க வேண்டும். சரியாக அந்த வழியில்தான் ரம்ப மெஷின் நிற்கும். நகர்த்துவதற்கு, மெஷினை மேலே ஏற்றி வைக்கும் சக்கரம் வைத்த இரும்புத் தாங்கி விற்கிறார்கள். விலையைப் பார்த்தால் மரத்திலேயே செய்துகொள்ளலாம் என்று தோன்றும். செய்யலாம், மரம்தான் பட்டறையிலேயே கிடக்கிறதே.

80 கிலோ மெஷினைச் சிமெண்ட் தரையில் இழுக்க, அதன் எடையில் ஏறக்குறைய பாதியளவு விசை தேவைப்படும். சக்கரத்தில் உருட்டினால் சில கிலோ போதும். உராய்வு ஒழிந்துபோவதில்லை, தரையிலிருந்து அச்சுக்கு இடம் மாறுகிறது. அச்சு சிறியது, சக்கரம் பெரியது என்பதால் தரையில் ஓர் அடி நகர அச்சில் ஓரிரு அங்குலமே உரசுகிறது.

அப்படியானால் நாலு மூலையிலும் காஸ்டர் வீல் (எந்தப் பக்கமும் திரும்பும் சக்கரம்) மாட்டிவிட்டால் முடிந்ததா? இல்லை. பலகையைத் தள்ளும்போது மெஷினும் சேர்ந்து நகரும். பிரேக் போட்டாலும், சக்கரம் திரும்பும் மூட்டில் உள்ள ஆட்டம் போகாது. வேலை நடக்கும்போது எடை முழுவதும் கட்டைக் கால்களில் இறங்கி, சக்கரம் சும்மா இருக்க வேண்டும்.

இதற்கு மலிவான வழி சாய்வுதான். 18 மி.மீ. பிளைவுட்டை இரண்டடுக்காக ஒட்டி, மெஷினைவிடச் சற்று அகலமான பலகை செய்து, அடியில் கால்கள் வையுங்கள். ஒரு முனையில், காலின் விளிம்பிலிருந்து 8 செ.மீ. வெளியே, திரும்பாத சக்கரங்கள் இரண்டை மாட்டுங்கள். அவை தரைக்கு 3 மி.மீ. மேலே நிற்கட்டும். மறுமுனையைத் தூக்கினால் பலகை காலின் விளிம்பில் சாய, சக்கரம் கீழே இறங்கும். அந்த முனை 80 செ.மீ. தள்ளி இருந்தால் 3 செ.மீ. உயர்ந்ததும் சக்கரம் தரையைத் தொடும். இன்னும் கொஞ்சம் தூக்கினால் கால்களும் எழும்பிவிடும், அப்புறம் தள்ளுவண்டிதான்.

கையில் எவ்வளவு பாரம் விழும் என்பது நெம்புகோல் கணக்கு. தூக்கும் முனையில் கைப்பிடி 40 செ.மீ. வெளியே நீண்டு, எடை பலகையின் நடுவில் இருந்தால், 80 கிலோவுக்குக் கையில் 30 கிலோ விழும். மோட்டார் உள்ள பாரமான பக்கத்தைச் சக்கரப் பக்கம் திருப்பி, எடையின் மையத்தை 20 செ.மீ. நகர்த்தினால் 17 அல்லது 18 கிலோதான். ஒரு பைசா செலவில்லாத இந்த மாற்றத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரு எச்சரிக்கை: பேண்ட் சா (நாடா ரம்பம்) போல உயரமானவற்றை இப்படிச் சாய்க்காதீர்கள். எடை மேலே இருப்பதால் கொஞ்சம் சாய்ந்தாலே கவிழும். எந்த மெஷினானாலும் பிளக்கைப் பிடுங்கிய பிறகே நகர்த்த வேண்டும்.

சக்கரத்தின் அளவில் கஞ்சத்தனம் கூடாது. ஆடிக் காற்று மணலையும் சிப்பித் துண்டுகளையும் பட்டறைக்குள் கொண்டுவந்து போடும் ஊர் இது. 5 மி.மீ. தடையை ஏற, 5 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்துக்குத் தன்மேல் உள்ள சுமையில் முக்கால் பங்கு விசை வேண்டும். 10 செ.மீ. சக்கரத்துக்குப் பாதிக்கும் குறைவு.

கால்களுக்கு மரம் தேடி அலைய வேண்டாம். மாவட்டமெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் போதும். கோணலாக வளர்வதால் நீளச் சட்டம் கிடைக்காது, குட்டைக் கட்டைக்கு அதன் கெட்டித்தன்மை பொருத்தம். இந்தக் கரையில் முதலில் கைவிடுவது மரமாக இருக்காது, போல்டாக இருக்கும். உப்புப் படிவு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் துரு விரைவாகப் பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் நட்டு இறுகி, கழற்றவே வராது. சக்கரத்துக்கு எட்டு போல்ட்தானே, எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்டாக வாங்கி, அகலமான வாஷர் வைத்துப் பலகையைத் துளைத்து முடுக்குங்கள். ஸ்குரூ மட்டும் போட்டால், ஒவ்வொரு முறை தூக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டு வரும்.