அதிகாலை 3 மணிக்கு 995-ஐ அழைக்கும் முன்

போன வாரமும் அதேதான். பழைய மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, 94 வயதுச் சீனப் பாட்டி. இந்தக் கட்டிலிலேயே போய்விடணும் என்று பணிப்பெண்ணிடம் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர். அதிகாலை 3 மணிக்கு மூச்சு இழுத்ததும் மகன் பதறி அவசர மருத்துவ உதவி எண்ணான 995-ஐ அழைத்துவிட்டார். பாட்டியின் உயிர் பிரிந்தது அவசர சிகிச்சைப் பிரிவுத் திரைக்குப் பின்னால், நெஞ்சை அழுத்தியதில் விலா எலும்பு முறிந்த பிறகு.

சிங்கப்பூரில் வீடு வீடாகப் போகும் அந்திமகாலத் தாதி நான். "வீட்டில் இறந்தால் போலீஸ் வரும், உடலை அறுப்பார்கள்" என்பதை இன்னும் எத்தனை வீட்டில்தான் கேட்பது! நாள்பட்ட நோய், எதிர்பார்த்த மரணம் என்றால், பார்த்துவந்த மருத்துவரோ வீட்டுக்கு வரும் வேறு மருத்துவரோ சான்றளிப்பார். 2022 மே மாதத்திலிருந்து அது இணையத்திலேயே பதிவாகிவிடுகிறது, நீங்கள் எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டாம். காரணம் இன்னதென்று மருத்துவரால் சொல்ல முடியாதபோதுதான் போலீஸ். அதனால்தான் மருத்துவமனைக் கடிதங்களையெல்லாம் ஒரே உறையில் போட்டு டிவி பக்கத்தில் வையுங்கள் என்று கெஞ்சுகிறேன்.

2014-இல் லியன் அறநிறுவனம் கேட்டபோது 77 விழுக்காட்டினர் வீட்டில் இறக்கவே விரும்பினார்கள். நடப்பது வேறு. 2023-இல் சுகாதார அமைச்சு, மொத்த மரணங்களில் மருத்துவமனையில் நிகழ்பவற்றை 61-லிருந்து 51 விழுக்காடாக ஐந்து ஆண்டுகளில் குறைக்கப்போவதாகச் சொன்னது.

புற்றுநோய் என்றால் எங்களைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். ஆனால் 90 தாண்டியவர்கள் பெரும்பாலும் மறதி நோயிலும் தளர்ச்சியிலும் கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்கிறார்கள். இது கடைசிக் கட்டம் என்று மருத்துவர்களே வாய்விட்டுச் சொல்வதில்லை (எங்கள் ஆட்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு). வீட்டில் பேச்செடுத்தாலே "சோய்!" (அபசகுனம் பேசாதே) என்று வாயடைக்கிறார்கள். இந்த வயதுக்காரர்கள் சிறுவயதில் சைனாடவுனின் சேகோ லேன் தெருவில் சாவு வீடுகளைப் பார்த்தவர்கள், 1961-இல் தடை செய்யும்வரை போக்கிடமில்லாத ஏழைகள் சாகப் போய்ப் படுத்த இடம் அது. பயம் இருக்கத்தான் செய்யும், சரி. ஆனால் பிள்ளைகள் பேசாமலிருந்தால், ராத்திரியில் விழித்திருக்கும் பணிப்பெண்ணும் வெளிநாட்டிலிருந்து "எல்லாம் செய்யுங்கள்" என்று போனில் கத்தும் அண்ணனும் முடிவெடுப்பார்கள்.

கடைசியில் என்ன வேண்டும் என்று பெரியவர்களிடம் இப்போதே கேளுங்கள், எழுதி வையுங்கள், அப்புறம் அந்தத் தாளைப் பணிப்பெண்ணிடமும் காட்டுங்கள். இரவில் யாரை அழைப்பது என்று குளிர்பெட்டிக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். அங்கே 995 மட்டும் இருந்தால் அவர் அதைத்தானே அழைப்பார்?

இன்னொரு வீட்டில் 97 வயதுத் தாத்தா. மகள் என்னைத்தான் அழைத்தார். நான் போனபோது, சாவு வீட்டில் சீனர்கள் செய்வதுபோல் பூஜை மேடைச் சாமிகளின் முகத்தைச் சிவப்புத் தாளால் மூடிவிட்டு, தாத்தாவின் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "இப்பத்தான், தூக்கத்திலே" என்றார்.