முதல் எழுத்தும் நீளமும்: ஒரு சொல்லை மனம் எப்படித் தேடுகிறது?

பொருள் தெளிவாகத் தெரிந்திருந்தும் சொல் மட்டும் நுனி நாக்கில் நின்றுகொண்டு வெளியே வர மறுக்கும் அனுபவம் எல்லோருக்கும் உண்டு. அந்த நேரத்தில் மனம் வெறுமையாக இருப்பதில்லை. 'எஸ் எழுத்தில் தொடங்கும், சின்னச் சொல்தான்' என்பதுபோல ஏதோ ஒன்று பிடிபட்டே இருக்கும். ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர்களான ரோஜர் பிரௌனும் டேவிட் மெக்நீலும் 1966-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த அரைகுறை நினைவை ஆய்வகத்தில் அளந்து காட்டியது. அரிய ஆங்கிலச் சொற்களின் விளக்கங்களை மாணவர்களுக்குப் படித்துக்காட்டி, அவற்றுக்குரிய சொற்களைக் கேட்டார்கள். கடலில் சூரியன், விண்மீன்கள் ஆகியவற்றின் உயரக் கோணத்தை அளக்க மாலுமிகள் பயன்படுத்தும் கருவி எது என்ற விளக்கத்துக்கு விடை, செக்ஸ்டன்ட். அது அகப்படாமல் தவித்தவர்கள் சொன்ன மாற்றுச் சொற்களில் சீகன்ட், செக்ஸ்டெட், செக்ஸ்டன் ஆகியவை இருந்தன. முதலாவது கணிதக் கலைச்சொல், இரண்டாவது அறுவர் இசைக்குழு, மூன்றாவது தேவாலயப் பணியாளர். மூன்றுக்கும் கடலோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் ஆங்கில எழுத்துக் கணக்கில் மூன்றுமே எஸ்ஸில் தொடங்கும் ஆறெழுத்துச் சொற்கள். தேடப்பட்ட சொல்லும் எஸ்ஸில் தொடங்குவதுதான், அதற்கு ஏழு எழுத்து. இவ்வாறு தவித்த வேளைகளில் முதல் எழுத்தை ஊகிக்கச் சொன்னபோது 57 சதவீத விடைகள் சரியாக அமைந்தன. இருபத்தாறு எழுத்துகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொல்பவருக்கு இந்த அளவு ஒருபோதும் வாய்க்காது.

மனத்தின் அகராதியில் முதல் எழுத்துக்கு உள்ள இடத்தை வேறொரு சோதனையும் காட்டிக்கொடுக்கிறது. உளவியலாளர்களான அமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973-இல் வெளியிட்ட அந்தச் சோதனையில், கே, எல், என், ஆர், வி ஆகிய ஐந்து எழுத்துகளும் ஆங்கிலச் சொற்களில் முதலிடத்தில் அதிகம் வருமா, மூன்றாமிடத்தில் அதிகம் வருமா என்று 152 பேரிடம் கேட்கப்பட்டது. உண்மையில் ஐந்துமே மூன்றாமிடத்தில்தான் அதிகம் வருகின்றன. ஆயினும் 105 பேர், அவற்றுள் பெரும்பாலான எழுத்துகளுக்கு முதலிடம் என்றே விடை சொன்னார்கள். கே எழுத்தில் தொடங்கும் சொற்கள் கேட்டவுடன் வரிசையாக வந்து நிற்கின்றன. கே எழுத்தை மூன்றாவதாகக் கொண்ட சொற்களைத் திரட்ட நினைத்தாலோ மனம் திணறுகிறது. எளிதில் நினைவுக்கு வருவதே எண்ணிக்கையில் அதிகம் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

நீளம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை கண்ணில் இருக்கிறது. ஆங்கிலம் படிப்பவரின் கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. பெரும்பாலும் ஏழு முதல் ஒன்பது எழுத்துவரை தாவி, கணநேரம் நின்று, மீண்டும் தாவுகிறது. நிற்கும் இடத்தில் சில எழுத்துகள் மட்டுமே கூர்மையாகத் தெரிந்தாலும், வலப்புறம் சுமார் பதினைந்து எழுத்து தூரம்வரை சொற்களுக்கு இடையிலான வெற்றிடங்கள் புலப்படுகின்றன. அதனால் அடுத்த சொல்லைப் படிப்பதற்கு முன்பே அதன் நீளம் தெரிந்துவிடுகிறது. எங்கே தாவ வேண்டும் என்பதைக் கண் அதைக் கொண்டே முடிவுசெய்கிறது. அருகில் உள்ள சொல்லாக இருந்தால் அதன் தொடக்க எழுத்துகளும் ஓரளவு பதிவாகிவிடும்.

இந்த இரண்டு தடயங்கள் தேடலை எவ்வளவு சுருக்குகின்றன? எஸ்ஸில் தொடங்கும் ஐந்தெழுத்துக் கோவைகளை வெறும் கணக்காகப் போட்டால் 4,56,976 கிடைக்கும். அவற்றில் மிகமிகச் சிலவே சொற்கள். 2021-இல் பொதுவெளிக்கு வந்த, ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் விளையாட்டின் முதல் விடைப் பட்டியலில் இருந்த 2,315 ஐந்தெழுத்துச் சொற்களில் எஸ்ஸில் தொடங்கியவை 366. இசட் எழுத்தில் தொடங்கியவை மூன்றே மூன்று. எக்ஸில் தொடங்கியது ஒன்றுகூட இல்லை. ஆகவே எஸ் என்ற தடயம் பட்டியலை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைக்கிறது, இசட்டோ கிட்டத்தட்ட விடையையே கையில் கொடுத்துவிடுகிறது. எஸ் இவ்வளவு பெருகியதற்குக் காரணம் ஆங்கிலத்தின் ஒலியமைப்பு. சொல்லின் தொடக்கத்தில் எஸ் தன்னையடுத்துப் பி, டி, எல், எம், என், டபிள்யூ எனப் பல மெய்களைச் சேர்த்துக்கொள்ளும். ஆங்கிலச் சொல் ஒன்று மூன்று மெய்யொலிகளோடு தொடங்கினால் அவற்றில் முதல் ஒலி எஸ்ஸாகவே இருக்கும்.

எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளும் இதே இரண்டு தடயங்களால் பயனடைகிறது. ஓர் எழுத்து மாறுவது, விடுபடுவது, கூடுதலாக நுழைவது, அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறுவது ஆகிய நான்கில் ஒன்றே பிழைகளில் 80 சதவீதத்துக்கு மேல் என்று கணினி ஆய்வாளர் ஃபிரெட் டாமரோ 1964-இல் காட்டினார். இந்த நான்கிலும் நீளம் அப்படியே இருக்கும், அல்லது ஒன்றே ஒன்று கூடும், குறையும்; முதல் எழுத்தில் பிழை நேர்வதும் அரிது. எனவே அகராதி முழுவதையும் புரட்டாமல், அதே எழுத்தில் தொடங்கி ஏறத்தாழ அதே நீளமுள்ள சொற்களை மட்டும் ஒப்பிட்டாலே பெரும்பாலும் போதும்.

ஆனால் இந்த இரண்டிலும் ஒன்றுபடும் சொற்கள் மனத்தில் ஒன்றையொன்று நெருக்கும். அமைதி என்று பொருள்படும் குவயட்டும், முற்றிலும் என்று பொருள்படும் குவைட்டும் கியூவில் தொடங்கும் ஐந்தெழுத்துச் சொற்கள். கடைசி இரண்டு எழுத்துகள் மட்டுமே இடம் மாறியுள்ளன. தகவமைத்தலைக் குறிக்கும் அடாப்ட் என்ற சொல்லில் நடு எழுத்து ஏ, தத்தெடுத்தலைக் குறிக்கும் அடோப்ட் என்ற சொல்லில் ஓ. மற்ற நான்கும் ஒன்றே. பாத்தியா லாஃபர் என்ற மொழியியலாளர் இத்தகைய குழப்பும் இணைகளுக்கு 'சின்ஃபார்ம்' என்று பெயரிட்டார். புதிதாகக் கற்பவருக்கு ஒரு சொல்லின் தலையும் அளவும் முதலில் பதிகின்றன, நடுப்பகுதி மங்கலாகவே நிற்கிறது. அதனால் ஒரே எழுத்து, ஒரே நீளம் என்று அடுக்கிய சொற்பட்டியல்கள் குறுக்கெழுத்துப் புதிர் போடுபவருக்கு உதவுமே தவிர, அச்சொற்களை முதன்முறையாகக் கற்பவருக்கு உகந்தவை அல்ல என்பது என் கருத்து. ஒன்று நன்றாக ஊன்றிய பிறகே மற்றதைத் தொட வேண்டும்.

இந்தக் குழப்பம் உயிரோடு விளையாடும் இடமும் உண்டு. ஹைட்ராக்சிசின் அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் மருந்து. ஹைட்ராலசின் உயர் ரத்த அழுத்தத்துக்குரியது. இரண்டு ஆங்கிலப் பெயர்களும் எச் எழுத்தில் தொடங்குகின்றன, இரண்டும் பதினோரு எழுத்து, முதல் நான்கும் கடைசி நான்கும் ஒன்றே. நடுவில் உள்ள மூன்று எழுத்துகள்தான் வேறு: ஒன்றில் ஓ, எக்ஸ், ஒய், மற்றதில் ஏ, எல், ஏ. அவசரத்தில் பார்க்கும் கண் எவற்றைக் கொண்டு சொல்லை அடையாளம் காணுமோ, அவை அனைத்தும் இரண்டிலும் பொதுவாக இருக்கின்றன. இப்படிப்பட்ட இணைகளில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் முறையை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2001 முதல் ஊக்குவித்து வருகிறது. அதன்படி ஹைட்ராக்சிசினின் தொடக்கமும் முடிவும் சிறிய எழுத்திலேயே இருக்க, ஓ, எக்ஸ், ஒய் மூன்றும் பெயரின் நடுவில் உயர்ந்து நிற்கின்றன.