பஞ்சு இழை அகலத்தில் ஓர் ஓட்டை

கோவை, ஈரோடு, சேலம் கல்லூரிகளில் சிறு செயற்கைக்கோளுக்குக் கருவி செய்ய நினைப்பவர்கள், விண்மீன்களுக்கிடையே பரவிய கடும் புற ஊதா ஒளியை அளக்க முடியுமா என்று யோசிப்பதுண்டு. வெள்ளியங்கிரி உச்சியில் ஏறி நின்றாலும் முடியாது. 10 முதல் 91 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள இந்த ஒளியைக் காற்று 100 கி.மீ. உயரத்துக்கு மேலேயே விழுங்கிவிடும். சூரியனைச் சுற்றிச் சில நூறு ஒளியாண்டுத் தொலைவில் உள்ள சூடான வாயுவின் இரும்பு அயனிகள் 17.1 நானோமீட்டரில் ஒளிரும் என்று நம்பி, 2003-இல் சிப்ஸ் என்ற செயற்கைக்கோளை நாசா ஏவியது. அந்த ஒளி எதிர்பார்த்ததைவிட மிக மங்கலாகவே இருந்தது.

இத்தனை மங்கலான ஒளிக்குப் பெரிய எதிரி லைமன் ஆல்ஃபா. பூமியைச் சூழ்ந்த ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டரில் சூரிய ஒளியைச் சிதறடிப்பதால் வரும் ஒளி இது. இரவுப் பக்கத்திலும் அது கிலோரேலி (பரவிய ஒளியின் பிரகாசத்தை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். ஒரு கிலோரேலி என்றால் சதுர செ.மீ.க்கு, ஸ்டெரேடியனுக்கு (திண்மக் கோண அலகு), வினாடிக்கு ஏறத்தாழ 8 கோடி ஃபோட்டான். நாம் தேடுவதோ சில பத்துக்குள் அடங்கும்.

இதைத் தடுக்க 150 நானோமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தாளை நிக்கல் வலையில் ஒட்டி வடிகட்டியாக வைப்பார்கள். ஒரு சதுர செ.மீ. தாளில் 10 மைக்ரான் சதுர ஓட்டை ஒன்று இருந்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளி நுழையும். அதாவது 80 ஃபோட்டான். தேடும் சமிக்ஞையை அதுவே மூழ்கடித்துவிடும். பருத்தி இழையின் அகலம்கூட அதைவிடக் கொஞ்சம் அதிகம்தான்.

ஆகவே இருட்டறையில் தாளின் பின்னால் பிரகாசமான விளக்கை வைத்து, நுண்ணோக்கியில் ஒளிப்புள்ளிகளைத் தேடுங்கள். இரண்டு தாள்களை அடுக்கினால் ஓட்டைகள் நேருக்குநேர் அமைவது அரிது. ஆனால் வேண்டிய ஒளியும் குறையும். சுற்றுப்பாதையில் மெக்னீசியம் ஃப்ளோரைடு ஜன்னலை முன்னால் நகர்த்த வழி வையுங்கள். அது லைமன் ஆல்ஃபாவில் ஒரு பங்கை விடும், கடும் புற ஊதாவை விடாது. ஒளியே இல்லாதபோதும் டிடெக்டர் (ஒளி உணரி) காட்டும் இருட்டு எண்ணிக்கையைக் கழித்தபின் அப்போது பதிவாவது கசிவுதான்.

கருவியைச் சோதிக்கும் வெற்றிட அறையைச் சட்டென்று திறந்தால் காற்று மோதியே தாள் கிழியும். ஊசி வால்வு வழியே மெல்ல விடவும். எண்ணெய் ரோட்டரி பம்ப் மலிவு, ஆனால் எண்ணெய்ப் படலம் இந்த ஒளியை உறிஞ்சும். உலர் பம்ப் வாங்குங்கள்.

நூற்பாலைக்கு ஈரப்பதம் வேண்டும், டிடெக்டருக்கு ஆகாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் டிடெக்டரின் மேலுள்ள சீசியம் அயோடைடு பூச்சு ஈரத்தை இழுத்துக் கெடும். உலர் நைட்ரஜனிலேயே வையுங்கள்.