நாடாட்டம்: 'தேச உருவகப்படுத்துதல் விளையாட்டு' ஏன் தவறு

'நேஷன் சிமுலேஷன் கேம்' என்பதைத் தமிழில் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'தேச உருவகப்படுத்துதல் விளையாட்டு' என்ற தொடர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மொழிபெயர்ப்புச் செயலி முதலில் துப்பியது அது. பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்து ஒட்டி, இப்போது அதுதான் முறையான கலைச்சொல் என்று வாதாடவும் ஆள் இருக்கிறார்கள். 'உருவகப்படுத்துதல்' நீளமான சொல் என்பது சின்னக் குறை. அது சொல்ல வந்ததற்கு நேர் எதிரான பொருளைத் தருகிறது என்பதுதான் பெரிய குறை.

முதலில் பொருள் எது என்று பார்த்துவிடுவோம். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஒருவகை ஆட்டம் இது. ஒவ்வொருவரும் இல்லாத ஒரு நாட்டை உண்டாக்கி, பெயர், கொடி, நாணயம், தேசிய விலங்கு எல்லாம் வைத்து ஆள்கிறார்கள். ஆஸ்திரேலிய எழுத்தாளர் மாக்ஸ் பாரி தன் நாவலுக்கு விளம்பரமாக 2002-இல் தொடங்கிய 'நேஷன்ஸ்டேட்ஸ்' இவற்றில் பரவலாகத் தெரிந்தது. 2006-இல் 'சைபர் நேஷன்ஸ்', 2014-இல் 'பாலிடிக்ஸ் அண்ட் வார்' என்று பின்னால் வந்தன. நேஷன்ஸ்டேட்ஸில் படமும் ஓட்டமும் கிடையாது. ஒரு விவகாரம் வரும், அதற்குச் சில தீர்வுகள் இருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது தள்ளிவிட வேண்டும். அதற்கேற்பக் குடிமை உரிமை, பொருளாதாரம், அரசியல் சுதந்திரம் ஆகிய மூன்று அளவுகளும் ஏறி இறங்கும். இந்த மூன்றின் சேர்க்கையில் நாடு 27 அரசு வகைகளுள் ஒன்றில் விழும். 28 நாள் எட்டிப் பார்க்காவிட்டால் நாடு மறைந்துவிடும். விடுப்பு போட்டுவிட்டுப் போனால் 60 நாள் வரை தாங்கும்.

இனி சொல்லுக்கு வருவோம். 'நேஷன்' என்பது 'பிறத்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. 'சிமுலேஷன்' என்பதன் வேர் 'சிமிலிஸ்', அதாவது 'போன்ற'. ஒன்று இன்னொன்றைப் போல நடப்பதுதான் சிமுலேஷன். வேர் பற்றி இவ்வளவு போதும். இந்தப் 'போல' என்ற சொல்லை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உருவகம் என்றால் என்ன? பத்தாம் வகுப்பு அணியிலக்கணம் படித்த பிள்ளையே சொல்லும். 'உவமையும் பொருளும் வேற்றுமை ஒழிவித்து ஒன்றென மாட்டின் அஃது உருவகம்' என்பது தண்டியலங்காரம். 'முகம் தாமரை போன்றது' என்றால் உவமை. 'முகத்தாமரை' என்றால் உருவகம். அங்கே 'போல' செத்துப்போகிறது, இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. சிமுலேஷனுக்கு உயிரே அந்தப் 'போல'தான். அதைக் கொன்றுவிட்டு எழுகிற அணியின் பெயரைக் கொண்டுவந்து அதற்கே சூட்டுவது எப்படிச் சரியாகும்? அணியிலக்கணத்தில் அதற்கு உறவு தேடினால் உவமைதான் உறவு.

வேற்றுமையை ஒழிக்கக் கூடாது என்பது இந்த ஆட்டங்களில் வெறும் இலக்கண நயமும் அல்ல, நடைமுறை விதி. நாட்டின் தலைவராகப் பேசுவது வேறு, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளாகப் பேசுவது வேறு. ஆடுபவர்கள் இவ்விரண்டையும் தனித்தனியே குறியிட்டு எழுதுகிறார்கள். ஒருவர் நாட்டின் சர்வாதிகாரத்தை வைத்து அந்த ஆளையே திட்டினாலும், ஆள்மேல் உள்ள கோபத்தை அவர் நாட்டின்மேல் தீர்த்துக்கொண்டாலும் ஆட்டம் கெட்டுப்போகும். புதியவர்கள் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான். வடார்க்காட்டில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ராஜ வேஷம் கிரீடமும் புஜகீர்த்தியுமாகத் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும். கட்டியக்காரன் 'நீங்கள் யார்' என்று கேட்பான், வேஷம் தன் பெயரையும் பெருமையையும் பாடிச் சொல்லும். வேஷக்காரர் பக்கத்து ஊர்க்காரர் என்று கூட்டத்துக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டும் தெரிந்திருப்பதால்தான் விடிய விடிய ரசிக்க முடிகிறது. சில இடங்களில் துச்சாதனன் வதத்தின்போது ஆவேசம் வந்து ஆளுக்கும் வேஷத்துக்கும் நடுவே இருந்த கோடு அழியும். 'வேற்றுமை ஒழிவித்து' என்பது அந்தக் கணத்துக்குப் பொருந்தும். இணைய ஆட்டத்தில் அப்படி ஒழிந்தால் கணக்கை முடக்கிவிடவும் கூடும்.

போட்டிச் சொற்கள் வேறு சில உண்டு. 'தேசப் பாவனை விளையாட்டு' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஈழத்தமிழில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயன்படுத்துபவர். இணையத்தில் எழுதுகிறவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வாசகரை மறந்துவிட்டுச் சொல் படைக்கக் கூடாது. 'போலி நாடு' என்றால் போலி மருத்துவர், போலி நகை வரிசையில் போய் நின்றுவிடும். 'மெய்நிகர் நாடு' ஓரளவு தேவலாம். ஆனால் அது நாட்டைச் சொல்கிறதே தவிர ஆட்டத்தைச் சொல்லவில்லை. 'ஒப்புருவாக்கம்' விமானம் ஓட்டப் பழகும் கருவிக்கும் வானிலைக் கணிப்புக்கும் தக்க சொல், அங்கே இருக்கட்டும்.

நம் பழைய ஆட்டங்களுக்கு எப்படிப் பெயர் வைத்தார்கள் என்பதைப் பார்த்தாலே வழி கிடைத்துவிடும். ஆடுபுலி ஆட்டத்தில் இருப்பது கல். மூன்று கல்லைப் புலி என்றும் பதினைந்து கல்லை ஆடு என்றும் வைத்துக்கொள்கிறோம். 'ஆடுபுலி உருவகப்படுத்துதல்' என்று எந்தத் திண்ணையிலும் யாரும் சொன்னதில்லை. தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைக் கட்டத்தில் நிறுத்திப் போர் ஆடுவதற்குச் சதுரங்கம் என்று பெயர். எதை வைத்து ஆடுகிறோமோ அதைச் சொல்லி 'ஆட்டம்' என்று முடித்தால் மிச்சத்தைத் தமிழர் தாமே புரிந்துகொள்வார்கள்.

ஆகவே 'நாடாட்டம்'. நாட்டை வைத்து ஆடும் ஆட்டம். இந்தச் சொல்லுக்கு இன்னொரு வலுவும் இருக்கிறது. சென்னையிலிருந்து ஆற்காடு, வேலூர், திருவண்ணாமலை வரைக்கும், கொங்கு நாட்டிலும்கூட, பேச்சில் 'ஆட்டம்' என்றால் 'போல'. 'இன்னாடா இது, காடாட்டம் வளந்து கெடக்குது', 'மாடாட்டம் ஒழைக்கிறான்', 'ராஜாவாட்டம் ஒக்காந்திருக்கான்'. இந்தப் பக்கத்து ஆளிடம் 'நாடாட்டம்' என்றால் 'நாட்டை ஆடுவது', 'நாடு போல இருப்பது' என்ற இரண்டும் ஒரே மூச்சில் காதில் விழும். லத்தீன் 'சிமிலிஸ்' சொல்ல வந்ததும் இதைத்தானே! இவ்வளவு பொருத்தமான சொல் குடியாத்தம் பேருந்து நிலையத்தில் நாள் முழுக்கப் புழங்குகிறது. அதை விட்டுவிட்டு அணியிலக்கணத்தில் தப்பான இடத்தில் கைவைத்திருக்கிறார்கள்.

புணர்ச்சி பார்ப்பவர்கள் ஒரு தடை எழுப்புவார்கள், நியாயமான தடைதான். நாடு என்பது நெடில்தொடர்க் குற்றியலுகரம். 'டறவொற்று இரட்டும் வேற்றுமை மிகவே' என்ற நன்னூல் விதிப்படி 'நாட்டாட்டம்' என்று இரட்டிக்க வேண்டாமா? அந்தச் சூத்திரமே 'மிகவே' என்று பெரும்பான்மையைத்தான் சொல்கிறது. 'நாடாளுமன்றம்' இரட்டிக்காமல்தான் நிற்கிறது. 'போல' என்ற பொருளில் வரும்போது 'மாடாட்டம்', 'காடாட்டம்' என்று ஊரே இரட்டிக்காமல்தான் பேசுகிறது. 'நாட்டாட்டம்' என்று எழுதினால் நாட்டுப்புற ஆட்டம் என்று படித்துவிட்டுக் கரகாட்டத்தைத் தேடுவார்கள். இரட்டிக்காமல் எழுதுவதே தெளிவு.

தேசம் இருக்க நாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு வேலூரைச் சுற்றியே விடை கிடக்கிறது. நாடு என்பது முதலில் பெரிய இறையாண்மை அரசைக் குறித்த சொல் அல்ல, சில ஊர்கள் சேர்ந்த தொகுதி. திருவல்லத்துக் கல்வெட்டுகளில் அந்த ஊர் 'படுவூர்க் கோட்டத்து மீயாறு நாட்டுத் தீக்காலிவல்லம்'. ஜவ்வாது மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்ற பெயர்கள் இன்றும் ஊராட்சிப் பெயர்களாகவே வழங்குகின்றன. ஓர் ஆள் உட்கார்ந்து உண்டாக்கி ஆளும் சின்ன அரசுக்கு 'தேசம்' பெருஞ்சட்டை. 'நாடு' அளவாகத் தைத்தது.

அந்தக் கல்வெட்டுத் தொடரிலேயே அடுத்த சொல்லும் இருக்கிறது. நேஷன்ஸ்டேட்ஸில் ஒவ்வொரு நாடும் ஏதாவது ஒரு 'ரீஜனில்' இருக்கும். அதைப் 'பிராந்தியம்' என்கிறார்கள். நாடுகள் அடங்கிய அலகுக்குத் தொண்டை மண்டலத்தில் கோட்டம் என்று பெயர். கோட்டத்துக்குள் நாடு என்ற அடுக்கு அப்படியே பொருந்தும்போது பிராந்தியம் எதற்கு?

இதைவிட மோசமானது 'ரெய்டு'. செய்தித்தாள் பழக்கத்தில் அதைச் 'சோதனை' என்று போட்டுவிடுகிறார்கள். வருமான வரிக்காரர்கள் வந்து அலமாரியைத் திறப்பது சோதனை. இங்கே நடப்பது என்ன? ஆட்டத்துக்குள் இருக்கும் உலகப் பேரவையில் உறுப்பினராக உள்ள நாடுகள் தம் கோட்டத்திலுள்ள இன்னொரு உறுப்பு நாட்டுக்கு ஆதரவு கொடுக்கலாம். ஓர் ஆளுக்கு எத்தனை நாடு இருந்தாலும் பேரவை உறுப்புரிமை ஒன்றுதான். நாளுக்கு இரண்டு முறை கணக்கு முடிக்கப்படும், ஆங்கிலத்தில் 'அப்டேட்'. அந்த நொடியில் யாருக்கு ஆதரவு மிகுதியோ அவரே கோட்டத்தின் பேராளர். கோட்டங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கு முடிவதால், எந்தக் கோட்டத்துக்கு எந்த நொடி என்று கணித்து, அதற்குச் சற்று முன்னால் கூட்டமாக உள்ளே பாய்ந்து, தம்மில் ஒருவருக்கு எல்லாரும் ஆதரவு கொடுத்துப் பதவியைப் பிடிப்பதுதான் ரெய்டு. முந்திப் பாய்ந்தால் காவலுக்கு நிற்பவர்கள் பார்த்துவிட்டு அவர்களும் பாய்ந்து உள்ளூர்ப் பேராளருக்கு ஆதரவைக் கூட்டிவிடுவார்கள். பிந்தினால் கணக்கு முடிந்திருக்கும், அடுத்த கணக்கு வரை காத்திருக்க வேண்டும். கோட்டம் மாறினால் பழைய இடத்தில் பெற்ற ஆதரவு முழுதும் போய்விடும். புதியவர்கள் மறப்பது இதைத்தான்.

இதற்குத் தமிழில் சொல் பஞ்சமா? பழந்தமிழ்ப் போர்த்திணைகளில் நிரை, அதாவது மாட்டு மந்தை, கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை, மதிலை வளைத்தல் உழிஞை, மதில் காத்தல் நொச்சி. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் தொறு (மந்தை) கொண்டவர்களும் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று எழுதப்பட்டவர்களும் இன்னும் நிற்கிறார்கள். ஆட்டத்துக்குள்ளும் இந்த வேறுபாடு அப்படியே உண்டு. பேராளர் பதவியைப் பிடித்துக் கொடியையும் அறிவிப்பையும் மாற்றிவிட்டு உடனே ஓடுவது ஒருவகை. அது வெட்சி. தங்கிவிட்டு உள்ளூர் நாடுகளை வெளியேற்றிக் கோட்டத்துக்குக் கடவுச்சொல் பூட்டுவது இன்னொருவகை. அது உழிஞை. இரண்டாவதற்குச் செல்வாக்கு வேண்டும். அது கோட்டத்தில் தங்கிய நாளும் பெற்ற ஆதரவும் சேரச் சேரத்தான் ஏறும், வந்த அன்றே எல்லாரையும் துரத்த முடியாது. எல்லாவற்றையும் 'சோதனை' என்று எழுதினால் இந்த வேறுபாடு எங்கே தங்கும்?

மொழிபெயர்ப்பவர் ஆட்டத்தை ஒருமுறையாவது ஆடிப் பார்க்க வேண்டும். 'பாலிடிக்ஸ் அண்ட் வார்' பற்றி எழுதும்போது 'ஒவ்வொரு 50 உள்கட்டமைப்புக்கும் ஒரு முன்னேற்றம் கிடைக்கும்' என்று எழுதுகிறார்கள். என்ன முன்னேற்றம்? அங்கே 'இம்ப்ரூவ்மென்ட்' என்பது கட்டடம். 500 உள்கட்டமைப்பு உள்ள நகரில் பத்துக் கட்டடத்துக்கு இடம் உண்டு. அதில் ஒன்று மின்நிலையமாக இருந்தே ஆக வேண்டும். நிலக்கரி மின்நிலையம் ஒன்று 500 வரை தாங்கும். உள்கட்டமைப்பை அதற்கு மேல் ஏற்றிவிட்டு இன்னொரு மின்நிலையம் கட்டாமல் விட்டால் ஆலைகள் நின்றுபோகும். 'முன்னேற்றம்' என்று படித்தவர் எதைக் கட்டுவார்? 'டர்ன்' என்பதைத் 'திருப்பம்' என்று எழுதுவது இதே வகைதான். அது முறை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்குப் பன்னிரண்டு முறை, அறுபது முறையில் போர் தானாக முடியும். 'அறுபது திருப்பங்களில் போர் முடியும்' என்றால் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு எண்ணுவதாகத்தான் படும்.

ஒரே செய்தியை இரண்டு விதமாக எழுதிப் பாருங்கள். 'தேச உருவகப்படுத்துதல் விளையாட்டில் சோதனையாளர்கள் புதுப்பிப்புக்கு முன் பிராந்தியத்துக்குள் நகர்ந்து பிரதிநிதியை அங்கீகரிக்கிறார்கள்.' இது முதலாவது. 'நாடாட்டத்தில் வெட்சியார் கணக்கு முடியும் முன் கோட்டத்துக்குள் பாய்ந்து தம் ஆளுக்கு ஆதரவு கொடுத்துப் பேராளராக்கிவிடுகிறார்கள்.' இது இரண்டாவது.