கடற்கரைக்குப் போகும் வழிக்கு சர்வே எண் இருக்கிறதா?

வடசென்னையில் எண்ணூர், எர்ணாவூர், திருவொற்றியூர் மீனவர் குப்பங்களில் அடிக்கடி நடப்பது இது. வலை தூக்கிப் போகும் வழியில் திடீரெனத் தகரம் அடித்து, கேட் போட்டு, 'பட்டா நிலம்' என்று போர்டு மாட்டிவிடுவார்கள். ஊரே திரண்டு "கடற்கரை எல்லாருக்கும் பொது" என்று மனு எழுதும். அந்த மனு எங்கும் போகாது. அநியாயத்துக்கு ஆளானவர்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயர் அலைக் கோட்டுக்கு, அதாவது கடல் நீர் ஏறும் எல்லைக்கு, கீழே இருக்கும் கடல், கழிமுகப் படுகை அரசின் சொத்து என்கிறது 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டம். அந்தக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை 2019 சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டல) அறிவிக்கையின் கட்டுப்பாடு உண்டு. பட்டா இருந்தாலும் இஷ்டத்துக்குக் கட்ட முடியாது. கோவாவில் ஒரு ஓட்டல் கடற்கரைப் பாதையை அடைத்த வழக்கில், 2009ல் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது.

ஆனால் அடுத்தவர் பட்டா நிலத்துக்குள் நடந்து கடலுக்குப் போகலாம் என்று இவை எதுவும் பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. அதனால் மனுவில் கடற்கரையைப் பற்றி எழுதாதீர்கள், பாதையைப் பற்றி எழுதுங்கள். எந்த சர்வே எண், எவ்வளவு அகலம், எந்தத் தெருவிலிருந்து எதுவரை என்று எழுதுங்கள். அதற்கு முன்பே அ-பதிவேடு (எந்த சர்வே எண் யாருடையது, என்ன வகை நிலம் என்று காட்டுவது), புலப்படம் (அந்த எண்ணின் அளவு வரைபடம்), நகர நில அளவைப் பதிவேடு மூன்றின் நகலையும் எடுத்து வையுங்கள். பாதை அதில் புறம்போக்கு என்று தனி எண்ணில் இருந்தால் பாதி ஜெயித்த மாதிரி.

பதிவேட்டில் பாதையே இல்லை, பட்டாவுக்குள் போகிறது என்றால் தாசில்தாரால் தீர்க்க முடியாது. ஊரின் நெடுங்கால வழக்கத்தை சிவில் கோர்ட்டில்தான் நிரூபிக்க வேண்டும். வீட்டுக்காரராகத் தனியாக வழி உரிமை கேட்பவர் 20 ஆண்டு தடையில்லாமல் பயன்படுத்தியதைக் காட்ட வேண்டும். அந்த 20 ஆண்டுக் காலம் வழக்குப் போடுவதற்கு முந்தைய 2 ஆண்டுக்குள் முடிந்ததாகவும் இருக்க வேண்டும். பேசித் தீர்க்கலாம் என்று எதிர்த்தரப்பு இழுத்துக்கொண்டே போனால் இந்தக் கணக்கை மனதில் வையுங்கள்.

அப்புறம் அலைக்கழிப்பு. தாலுகா ஆபீசில் "இது சிஆர்இசட் விஷயம்" என்பார்கள். கடலோர மண்டல ஆணையத்துக்குப் போனால் "நிலப் பிரச்சினை, வருவாய்த் துறையைப் பாருங்கள்" என்பார்கள். மாநகராட்சியோ கட்டட அனுமதி மட்டும்தான் எங்கள் வேலை என்று முடித்துக்கொள்ளும். இதற்கு இடம் கொடுப்பது எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதுவதுதான். இரண்டாகப் பிரியுங்கள். புறம்போக்கு ஆக்கிரமிப்பை அகற்றக் கேட்பது தாசில்தாருக்கு. அனுமதியில்லாத சுவர், மண் நிரப்பல் பற்றியது மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு, நகல் கலெக்டருக்கு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் வாங்காமல் நகராதீர்கள். 'மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்று வருகிற பதில், பதிலே இல்லை.

திருவொற்றியூர் தாலுகா 2018க்கு முன்பு திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. "பழைய கோப்பு அங்கே இருக்கும்" என்று திருப்பி அனுப்பினால் பஸ் ஏறாதீர்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனுவாகக் கொடுங்கள். கோப்பு வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 'ஏன் அனுமதித்தீர்கள்' என்று கேட்டால் மழுப்புவார்கள். 'அனுமதி ஆணையின் நகல் வேண்டும்' என்று கேளுங்கள்.

நான் பார்த்தவரை மக்களை அதிகம் ஏமாற்றுவது காலக்கெடு. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில், சிஆர்இசட் மீறல் பற்றிய மனுவைப் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள், அவ்வளவுதான். ஆபீஸ் ஆபீஸாக அலைந்த காலத்தை யாரும் கழித்துத் தர மாட்டார்கள். அலைய வைப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால் தகரம் அடித்த அன்றே தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து, அன்றைக்கே பதிவுத் தபாலில் ஒரு புகார் அனுப்பிவிடுங்கள்.

"உங்கள் வீடே சிஆர்இசட்டில்தான் இருக்கிறது, முதலில் அதைத்தான் இடிப்பார்கள்" என்று மிரட்டுவார்கள். இதைக் கேட்டுப் பின்வாங்கிய குடும்பங்கள் உண்டு. பயப்படாதீர்கள். முறையான ஒப்புதல் இல்லாத மீனவர் வீடுகளையும் நிபந்தனையோடு வரன்முறை செய்ய முந்தைய 2011 சிஆர்இசட் அறிவிக்கையே வழி வைத்தது. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மரபான கடலோர மக்கள் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்பவை அந்த நிபந்தனைகளில் முக்கியமானவை. வரன்முறை என்பது பட்டா ஆகாது, அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

கூட்டம் என்று கூப்பிட்டு நோட்டில் கையெழுத்துக் கேட்டால், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் போடாதீர்கள். வெற்றுத்தாள் என்றால் போடவே போடாதீர்கள். வருகைப் பதிவு பிறகு சம்மதக் கடிதமாகிவிடும்.

வழக்குப் போடப் பணமில்லை என்றால் மனுவைப் பெண்கள் பெயரில் போடலாம். வருமானம் பார்க்காமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள்.