பாடகர்-பாடலாசிரியர்: மெட்டு எங்கே போனது?

வெளிநாட்டுப் பாடகர் ஒருவரைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை திருத்தத்துக்கு வந்தது. முதல் வரியே ‘பாடகர் மற்றும் பாடலாசிரியரான இவர்’ என்று தொடங்கியது. பக்கத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த தோழி அதைப் படித்துவிட்டு, “சரி, பாட்டு எழுதுறார், பாடுறார். இசை யாரு?” என்று கேட்டார். இசையும் அவர்தான். கிட்டாரும் கையுமாக உட்கார்ந்து, சொல்லையும் மெட்டையும் சேர்த்தே அவர் உருவாக்கிய பாட்டுகள் அவை. கட்டுரை முழுக்கத் தேடினேன், அந்தச் செய்தி எங்கேயும் இல்லை. ‘பாடலாசிரியர்’ என்று எழுதியதிலேயே அதைச் சொல்லிவிட்டதாக மொழிபெயர்த்தவர் நம்பியிருக்கிறார். எத்தனையோ கட்டுரைகளில் இந்தச் சொல்லைப் பார்த்தும் பேசாமல் கடந்திருக்கிறேன். இனி முடியாது.

ஆங்கிலத்தில் சிங்கர்-சாங்ரைட்டர். இரண்டு பழைய சொற்களை ஒட்டிய கூட்டுச்சொல். தான் உருவாக்கிய பாட்டைத் தானே மேடையேறிப் பாடுகிறவர் என்று பொருள். ஓர் இசைவகையின் பெயராகவே இது பரவியது 1970களின் தொடக்கத்தில். பிறப்பு வரலாறு இவ்வளவு போதும். சிக்கல் இரண்டாம் பாதியில் இருக்கிறது. ‘ரைட்டர்’ என்றதும் நம்மவர்கள் ‘எழுதுபவர்’ என்று பிடித்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் இசையையும் ‘எழுதுவார்கள்’. தமிழில் மெட்டுப் போடுவோம், மெட்டுக் கட்டுவோம், இசையமைப்போம். ‘மெட்டு எழுதினார்’ என்று யாரும் சொல்வதில்லை. அதனால் ‘பாட்டு எழுதினார்’ என்றால் தமிழ்க் காதுக்குச் சொற்களை எழுதினார் என்றுதான் படும். திரைப்படப் பெயர்ப்பட்டியல் இதை இன்னும் இறுக்கிவிட்டது. பாடலாசிரியர் கண்ணதாசன், இசை எம்.எஸ்.விஸ்வநாதன் என்று பல பத்தாண்டுகள் பார்த்துப் பழகிய வாசகருக்குப் பாடலாசிரியர் என்றால் மெட்டுக்கு வரி எழுதித் தருகிறவர். அந்தப் பொருளை இனி யாராலும் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். அது நல்ல சொல், தன் இடத்தில்.

இது எவ்வளவு தூரம் தவறாகப் போகும் என்பதற்கு அமெரிக்கப் பாடகி கேரல் கிங் ஒருவர் போதும். 1960களில் அவரும் கணவர் ஜெரி காஃபினும் சேர்ந்து மற்றப் பாடகர்களுக்குப் பாட்டுகள் தந்தார்கள். சொல் காஃபினுடையது, மெட்டு கிங்குடையது. ஆங்கிலத்தில் இருவருமே சாங்ரைட்டர். தமிழில் அப்படியே பெயர்த்தால் சொல்லே எழுதாத கிங் பாடலாசிரியர் ஆகிவிடுகிறார்! பிறகு 1971இல் அவர் பெயரை உலகறியச் செய்த ஆல்பம் வந்தது. அதிலுள்ள 12 பாட்டுகளில் 7 பாட்டுக்குச் சொல்லும் மெட்டும் அவர் ஒருவருடையதே. இந்த வளர்ச்சியைத்தான் அவருடைய இசை வாழ்க்கையின் கதையாக எழுத வேண்டும். முன்னும் பாடலாசிரியர், பின்னும் பாடலாசிரியர் என்று எழுதினால் கதையே இல்லாமல் போகிறது.

மற்ற மொழிக்காரர்கள் இதில் கவனமாக இருந்திருக்கிறார்கள். பிரெஞ்சில் சொல்லாசிரியர், இசையமைப்பாளர், பாடுபவர் என மூன்று சொற்களையும் அடுக்கியே சொல்கிறார்கள். ஜெர்மன் மொழியில் ‘பாட்டுச் செய்பவர்’ என்று நேரடியாகப் பொருள் தரும் ஒரே சொல். அதில் எழுதுவது என்ற பேச்சே இல்லை.

நம்மிடமும் இந்த வேறுபாடு புதிதல்ல. பரிபாடலின் ஐந்தாம் பாட்டுக்குக் கீழே உள்ள பழைய குறிப்பைப் பாருங்கள்: கடுவன் இளவெயினனார் பாட்டு, கண்ணனாகனார் இசை, பண் பாலையாழ். சொல் ஒருவர், இசை ஒருவர் என்று பெயர் பிரித்துச் சொல்லும் வழக்கம் அத்தனை பழையது. இருவேலையும் ஒருவரே செய்தால் என்ன சொல்வது? கருநாடக இசையில் அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: வாக்கேயக்காரர். வாக்கு சொல், கேயம் இசை, இரண்டும் வல்லவர். 13ஆம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரம் இவர்களை உயர்ந்தவர், நடுத்தரம், கடை என்று தரம் பிரித்தே பேசுகிறது. பாபநாசம் சிவனுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். பொருள் அளவில் இதைவிடச் சரியான சொல் கிடையாது. ஆனால் கிட்டாரோடு ஊர் ஊராகப் போகிறவருக்கு இதைச் சூட்டினால் வாசகருக்குத் தம்புராவும் கீர்த்தனையும்தான் கண்முன் வரும். வடசொல் என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய தடை.

‘பாணர்’ என்று சொல்கிற தூய தமிழ் அன்பர்களும் உண்டு. யாழைத் தூக்கிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போனவர்கள், ஆற்றுப்படைகள் பாடிய வாழ்க்கை, ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரியபுராணத்தை நினைத்துப் பாருங்கள். திருநீலகண்ட யாழ்ப்பாணர் சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் அவர் பதிகங்களை யாழில் இசைத்தவர். தருமபுரத்தில் சம்பந்தர் யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாட, அதை வாசிக்க முடியாத பாணர் யாழையே உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார். அந்தக் காட்சியில் பாட்டை உண்டாக்கிப் பாடியவர் சம்பந்தர். பாணர் உடன் வாசித்தவர். நாம் தேடும் சொல் சம்பந்தர் பக்கம் இருக்கிறது.

பேச்சுத்தமிழில் அது இருக்கிறது. ‘நம்ம மேலேயே பாட்டுக் கட்டிட்டான்’ என்கிறோமே, அந்தக் கட்டுதல். அவர் கட்டின பாட்டு என்றால் சொல் தனி, மெட்டு தனி என்று யாரும் பிரித்துக் கேட்பதில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே கையில் உருவானது என்பது அந்த வினையிலேயே இருக்கிறது. ஆகவே சாங்ரைட்டருக்குப் பாட்டுக்கட்டுநர். ஓட்டுநர், நடத்துநர் வந்த வழிதான். சிங்கர்-சாங்ரைட்டருக்குப் பாட்டுக் கட்டிப் பாடுபவர். நீளம் என்பார்கள். ‘பாடகர் மற்றும் பாடலாசிரியர்’ மட்டும் குட்டையா? அதிலும் அந்த ‘மற்றும்’. ‘பாடகரும்’ என்று ஓர் உம்மை போட்டால் முடிகிற வேலைக்கு ஏன் இத்தனை பெரிய சொல்?

அதே கட்டுரையில் அடுத்த வரி ‘இவரது இசைத் தாக்கங்கள்’ என்று போகிறது. யாரோ அடித்துவிட்டதுபோல. யாரைக் கேட்டு வளர்ந்தார், யார் வழியில் வந்தார் என்று எழுதக்கூடாதா? அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1961இல் நியூயார்க் வந்ததும், தான் குருவாக நினைத்த நாட்டுப்புறப் பாடகர், நோயில் கிடந்த வுடி கத்ரியை மருத்துவமனையில் போய்ப் பார்த்தார். மறுவருடம் வந்த டிலனின் முதல் ஆல்பத்தில் அவர் சொந்தமாகக் கட்டிய பாட்டுகள் இரண்டே இரண்டு. அதில் ஒன்று கத்ரிக்காகவே கட்டியது. மெட்டையும் கத்ரியின் பழைய பாட்டு ஒன்றிலிருந்தே எடுத்தார். குருவின் மெட்டில் சீடன் தன் சொல்லை வைத்தான். இதைத் ‘தாக்கம்’ என்று எழுதினால் என்ன விளங்கும்? கனடாப் பாடகி ஜோனி மிட்செலுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடக்கை வலுவிழந்தது. கிட்டாரில் வழக்கமான விரல்பிடிகள் கஷ்டமாக இருக்க, தந்திகளின் சுருதியையே மாற்றி வைத்து வாசித்தார். அவருடைய மெட்டுகளின் தனி நிறம் அங்கிருந்து வந்தது. வெறும் பாடலாசிரியர் என்றால் அந்தக் கைக்கு அங்கே இடமே இல்லை.

அப்புறம், அந்தக் கட்டுரையில் ‘உலகச் சுற்றுலா மேற்கொண்டார்’ என்றும் இருந்தது. சுற்றுலா போகிறவர் ஊர் பார்க்கப் போகிறார். இவர் கச்சேரி செய்யப் போகிறார். அதையும் அடித்தேன். முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: ‘தானே பாட்டுக் கட்டி, ஊர் ஊராகப் போய்ப் பாடி வருகிறவர் இவர்.’ தோழியிடம் நீட்டினேன். இந்தத் தடவை இசை யார் என்று கேட்கவில்லை, அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.